வெட்டுகத்திக்கு உறை, உளிக்கு உயிர்: குமரி மாவட்ட வீட்டுப் பட்டறைக் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கங்களில் வீட்டுத் திண்ணையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சிறியதாகப் பட்டறை போட்டிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. பாட்டன் காலத்து உளி, மரம் செதுக்கும் வாய்ச்சி, மரத்தை வழவழப்பாக இழைக்கும் இழைப்புளி ஆகியவற்றை மறுபடி வேலைக்குக் கொண்டுவருவதும், அவற்றுக்கான உறை, பை, வார் போன்றவற்றைத் தோலில் தைப்பதும்தான் பொருள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டில் பாதிக்கு மேல் ஈரத்தில் கழியும் ஊர் நம்முடையது. வெளியூர்க்காரர்கள் சொல்லும் முறைகள் எல்லாம் இங்கே அப்படியே செல்லாது. பதில்களில் ஈரத்தைப் பற்றிய பேச்சு அதிகம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

தோல் வேலையும் கருவி சீரமைப்பும் வெவ்வேறு தொழில்கள் அல்லவா? இரண்டையும் ஏன் சேர்த்துச் செய்ய வேண்டும்?

தோல் வேலையில் பாதித் தொல்லை மழுங்கிய கத்தியால் வருவது. கத்தி கூராக இருந்தால் நான்கு மில்லிமீட்டர் தோலும் ஒரே இழுப்பில் நேராக அறுபடும். மழுங்கியிருந்தால் தோல் நெளியும், ஓரம் பிசிறடிக்கும், கை வழுக்கி விரல் அறுபடும். ஆகவே தோலைத் தொடுவதற்கு முன் தீட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மறுபக்கம், தீட்டிய உளியின் நுனியைக் காப்பதற்குத் தோல் வேண்டும். கடைசி மெருகு ஏற்றும் பலகையும் தோல்தான். ஒன்றைத் தொடங்கியவர்கள் மற்றொன்றில் தானாகவே இறங்கிவிடுகிறார்கள்.

முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

தீட்டுப் பலகை. ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம் உள்ள சமமான பலகையில், அதே அளவுத் துண்டுத் தோலைச் சொரசொரப்பான பக்கம் மேலே வருமாறு ஒட்டுங்கள். பச்சை நிறத்தில் கட்டியாகக் கிடைக்கும் குரோமியம் ஆக்சைடு மெருகுப் பொருளைச் சாக்பீஸ் தேய்ப்பது போல் அதன்மேல் தேய்த்தால் வேலை முடிந்தது. தையல் இல்லை, சாயம் இல்லை. கல்லில் தீட்டிய கத்தியை அதன்மேல் முதுகுப்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். முன்னே தள்ளினால் தோல் அறுபடும். பனையேறிகள் மரப்பலகையில் கல்பொடி தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

பர்ஸ், பெல்ட் என்று நேராகப் பெரிய வேலைக்குத் தாவுகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதை நிறையப் பார்க்கிறேன். தீட்டுப் பலகை, பிறகு சாவிக்கொத்து வார், பிறகு உளி உறை என்று போனால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் கையைப் பழக்கும்.

பழைய கருவிகள் எங்கே கிடைக்கும்? எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

முதலில் உங்கள் வீட்டு மச்சில் தேடுங்கள். தச்சு வேலை தெரிந்த ஒருவராவது இல்லாத குடும்பம் இங்கே குறைவு. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையை அண்ணாந்து பார்த்து வியக்கும் நாம், அதே வகைக் கருவிகளைப் பரணில் துருவுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அடுத்தது ஆக்கர் கடை. எடைக்குப் போடப்படும் இரும்பில் உளி, அரம், சுத்தியல் தலை எல்லாம் வரும். கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்.

உளியில் ‘ஷெஃபீல்டு’ என்றோ ‘காஸ்ட் ஸ்டீல்’ என்றோ முத்திரை தெரிந்தால் விடாதீர்கள். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் ஷெஃபீல்டு நகரத்தில் உருவாக்கிய, மூசை என்னும் உருக்குகலத்தில் எஃகை உருக்கி எடுக்கும் முறைக்குப் பிற்காலத்தில் வழங்கிய பெயர் ‘காஸ்ட் ஸ்டீல்’. நுண்ணிய மணியுள்ள எஃகு. கூரை நன்றாக ஏற்கும். ஸ்டான்லி இரும்பு இழைப்புளி கிடைத்தால், அலகைக் கழற்றி, அது சாயும் தாங்கியின் பின்புறம் படுக்கையைப் பாருங்கள். 1902-இன் இரு தேதிகளும் 1910-இன் ஒரு தேதியுமாக மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருந்தால் அது நூறாண்டைக் கடந்த கருவி.

வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் வேண்டாம். உளியின் தட்டைப் பக்கத்தில் துரு ஆழமாகக் குழி பறித்திருந்தாலும் யோசியுங்கள். அந்தக் குழி நுனிவரை வந்தால் நுனியில் பல் விழும். வேறு குறைகள் எல்லாம் தீர்க்கக்கூடியவை. நுனியில் எஃகு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, நல்ல அரத்தின் மூலையால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் கடினம் இருக்கிறது. கடித்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது.

துருவை எடுக்க எது நல்ல வழி?

துருவின் அளவைப் பொறுத்தது. மேலோட்டமான செந்துருவுக்கு மண்ணெண்ணெயும் இரும்பு நாரும் போதும். அதற்கு மேல் போனால் வினிகர். கடையில் விற்கும் ஐந்து சதவீத வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பழைய பிரஷால் தேய்த்தால் கறுப்புச் சேறாகக் கழன்று வரும். இடையில் எடுத்துப் பாருங்கள். மறந்துபோய் நாள்கணக்கில் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்னும், முத்திரை மங்கும். புளிக்கரைசலும் வேலை செய்யும், அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தால், ஆனால் மெதுவாக.

அமிலத்திலிருந்து எடுத்த பிறகு செய்வதுதான் முக்கியம். சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி அமிலத்தை முறியுங்கள். பிறகு கொதிநீரை ஊற்றுங்கள்; இரும்பு சூடேறிச் சில நிமிடங்களில் தானே உலர்ந்துவிடும். சூடு ஆறும் முன் எண்ணெய் பூச வேண்டும். ஈர இரும்பைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மஞ்சள் படலம் படர்ந்திருக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு படி உண்டு: துருவின் குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும், அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுக்காவிட்டால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு மறுபடி கிளம்பும்.

மோசமான துருவுக்கு மின்பகுப்பு. பிளாஸ்டிக் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் இணைத்து, இரண்டும் தொடாதபடி தொங்கவிட வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் பாத்திரத் துண்டை ஒருபோதும் மாட்டாதீர்கள். குரோமியத்தின் நச்சு வடிவம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் தீ வேண்டாம். அலுமினியப் பாகங்களை முன்பே கழற்றிவிடுங்கள், அவை இந்தக் கரைசலில் கரையும்.

கிரைண்டரில் தீட்டினேன். நுனி நீலமாகிவிட்டது. ஏதாவது கெட்டுப்போயிற்றா?

ஆம். சாதாரணக் கரி எஃகு ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும். 290, 300 டிகிரியை எட்டும்போது நீலம் படரும். நீலம் கண்ட இடத்தில் கடினம் குறைந்துவிட்டது. அந்த இடத்தைக் குளிரக் குளிரத் தேய்த்துக் கழித்துவிட்டால் பின்னால் உள்ள நல்ல எஃகு வெளிப்படும். கைவிரலால் பிடிக்க முடியாத சூடு வருவதற்கு முன் தண்ணீரில் முக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். என் விருப்பம் கைக்கல்தான். நேரம் ஆகும், ஆனால் எஃகு ஒருபோதும் வேகாது.

உளியைச் சரியாகத் தீட்டுவது எப்படி?

எல்லோரும் சாய்ந்த பக்கத்தையே தேய்க்கிறார்கள். தொடங்க வேண்டியது பின்பக்கம், அதாவது தட்டைப் பக்கம். கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. ஒரு முகம் துருக்குழியும் மேடுமாக இருந்தால் அந்தக் கோடு ஒருநாளும் முழுமை பெறாது. கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய உப்புத்தாளில் நுனியிலிருந்து இரண்டு விரல் நீளம் வரை தட்டையாகப் படுக்கவைத்துத் தேயுங்கள். சாம்பல் நிறக் கீறல்கள் நுனி முழுவதும் ஒரே சீராகத் தெரியும்வரை நிறுத்த வேண்டாம். பழைய உளிகளில் இது ஒரு பிற்பகலையே எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை செய்தால் போதும், பிறகு அந்தப் பக்கம் ஆயுளுக்கும் சரியாக இருக்கும்.

அடுத்து சாய்வு. தச்சு உளிக்கு 25 டிகிரி சாய்வும் நுனியில் மட்டும் 30 டிகிரியும் பொதுவான அளவு. கோணம் சரியா என்ற சந்தேகத்துக்கு மார்க்கர் பேனா உதவும். சாய்வு முழுக்கக் கறுப்புப் பூசிக் கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். கறுப்பு பின்னால் மட்டும் அழிந்திருந்தால் கைப்பிடியைச் சற்று உயர்த்துங்கள். நுனியில் மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்துங்கள். 400, 1000, 4000 என்று எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும் வரிசையில் கல் மாற்றுங்கள். ஒவ்வொரு கல்லிலும், பின்பக்கத்தில் விரலை நுனிக்குக் குறுக்காக வெளிநோக்கித் தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும். பிசிர் வராமல் அடுத்த கல்லுக்குப் போனால் உழைப்பு வீண். கடைசியில் அந்தப் பிசிரை நீக்குவது தோல் பலகை. தேக்குத் துண்டின் அறுத்த முனையை, நாருக்குக் குறுக்கே சீவிப் பாருங்கள். நொறுங்காமல் சுருள் வந்தால் தீட்டியாகிவிட்டது.

சுத்தியல், கோடாலி, மண்வெட்டியின் பிடி ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா?

ஒரு நாளுக்குப் போதும். ஊறிய மரம் இரும்புக் கண்ணுக்குள் உப்பி நசுங்கிப்போகிறது. காய்ந்ததும் முன்பைவிடத் தளர்கிறது. பழைய பிடியைத் தட்டி எடுத்து, நன்றாகக் காய்ந்த மரத்தில் புதிய பிடி செதுக்கி, மேல்முனையைப் பிளந்து மர ஆப்பு அடித்து இறுக்குவதுதான் வைத்தியம். புளிய மரம் அடி தாங்கும், உளியை அடிக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளிக்கு அதைவிடப் பொருத்தமான மரம் நம் ஊரில் இல்லை. பூவரசும் பிடிக்கு நன்று. ஆஞ்சிலி செதுக்க இதமானது, உளிப்பிடிக்குப் பயன்படும். குலசேகரம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ரப்பர் மரத்தை எடுக்க வேண்டாம். பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் பிடிக்கும்.

எந்தத் தோல் வாங்குவது?

உறை, பெல்ட், தீட்டுப் பலகை ஆகியவற்றுக்குத் தாவரப் பட்டையால் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிடும் மரபு தமிழ்நாட்டுக்குப் பழையது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளில் உருவான ‘ஈஸ்ட் இந்தியா’ தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்தத் தோல் தண்ணீரில் நனைத்தால் களிமண்ணாக இளகி, காய்ந்ததும் பிடித்த வடிவத்தில் நிற்கும். ஓரத்தை ஈரமாக்கி மரத்தால் தேய்த்தால் பளபளப்பேறும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் பெரும்பாலும் நடப்பது குரோமியப் பதனீடு. அது மென்மையானது, பைக்கும் காலணி மேல்தோலுக்கும் நல்லது. ஆனால் வடிவம் ஏற்காது, ஓரம் மெருகேறாது.

அளவு சதுர அடிக் கணக்கு. பர்ஸுக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர், கத்தி உறைக்கு 2.5 முதல் 3.5, பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள். சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் சில்லறையாகவும் கிடைக்கும். முதலில் வெட்டுத் துண்டுகளை எடைக்கு வாங்குங்கள். முழுத்தோலை அறுக்கும் துணிவு தானாக வரட்டும்.

தையல் எந்திரம் இல்லாமல் உறுதியாகத் தைக்க முடியுமா?

எந்திரத் தையலைவிட உறுதியாகவே தைக்கலாம். எந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கியாகப் பிடித்திருக்கின்றன. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்துப் பிரியும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளை வழியாக இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. ஒரு கண் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும்.

தையல் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகில் இரண்டு முறை இழுங்கள். கட்டம் போட்ட தாளை ஓரத்தில் ஒட்டி, நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்று குத்தூசியால் குறித்துக்கொண்டால் துளைக்குறி போடும் முள்கரண்டி வடிவக் கருவி வாங்கும் செலவு மிச்சம். குத்தூசியின் நுனி சாய்சதுரமாக இருக்கட்டும். துளைகள் எல்லாம் ஒரே சாய்வில் விழுந்தால் தையலும் சாய்ந்து அழகாக நிற்கும். இடது ஊசி முதலில், பிறகு வலது ஊசி, வலது நூல் எப்போதும் முதல் நூலுக்கு ஒரே பக்கத்தில். இந்த வரிசையை மாற்றாதவர்களின் தையல்தான் இரண்டு புறமும் ஒன்றாகத் தெரியும். இரு கைகளாலும் சம அளவில் இழுங்கள். கடைசியில் இரண்டு கண் பின்னோக்கித் தைத்து நூலை ஒட்ட நறுக்குங்கள், முடிச்சு வேண்டாம்.

தேன்மெழுகுக்கு அலைய வேண்டியதில்லை. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் வழிநடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மேம்பாட்டு மையம் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பைப் பரப்பியதன் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். தேன் எடுப்பவர்களிடம் கேட்டால் கட்டி மெழுகாகவே தருவார்கள்.

வெட்டுகத்திக்கு உறை தைக்க வேண்டும். முனை வளைந்திருப்பதால் உள்ளே நுழையவில்லை. என்ன செய்யலாம்?

நம் வெட்டுகத்தியின் கொக்குமூக்கு நேரான உறைக்குள் போகாது. உறையின் முதுகுப்பக்கத்தைத் திறந்தே விட்டு, கத்தியைப் பக்கவாட்டில் வைத்து, மேலே இரண்டு வார்களில் அழுத்துப் பொத்தான் போட்டு மூடுங்கள். முதலில் காலண்டர் அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுத் தோலுக்கு வாருங்கள். கூர்ப்பக்கத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்தில் மூன்றாவது தோல்பட்டை வைத்துத் தைப்பது கட்டாயம். அது இல்லையென்றால் கூர் நூலில் நேராக உட்காரும், பத்து முறை எடுத்து வைப்பதற்குள் தையல் அறுந்து கத்தி தொடையைத் தேடும்.

கருவியை உறையிலேயே வைத்திருக்கலாமா?

எடுத்துச் செல்லும்போது மட்டும். தாவரப் பட்டையால் பதனிட்ட தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அமிலத்தன்மை உடையது, ஈரத்தையும் ஈர்த்துவைக்கும். மழைக்காலத்தில் உறைக்குள் கிடந்த கத்தி வெளியே வரும்போது கறுத்துப் புள்ளி விழுந்திருக்கும். தோலும் இரும்பு தொட்ட இடத்தில் கறுக்கும். இரும்பும் டானினும் சேர்ந்தால் உண்டாகும் கறுப்பு அது, துடைத்தால் போகாது. இதையே சாயமாக்கலாம்: வினிகரில் துரு ஆணிகளைச் சில வாரம் ஊறவைத்து வடிகட்டித் தோலில் பூசினால் உள்ளே இறங்கிய கறுப்பு கிடைக்கும். பூசிய பின் சமையல் சோடா நீரில் துடைத்து, எண்ணெய் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் போதாதா?

இரும்புக்குச் சில நாள் காவலாக இருக்கும், அவ்வளவுதான். தையல் எந்திர எண்ணெய் அதைவிட நல்லது, விலையும் அதிகமில்லை. நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகும். தோலில் தேங்காய் எண்ணெய் ஊறினால் நிறம் இருண்டு, தொளதொளத்துத் தூசியை இழுக்கும். தோலுக்கு விளக்கெண்ணெய் மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு என்று எடையிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிய மெழுகே நான் பரிந்துரைப்பது. மெல்லியதாகத் தடவி, மறுநாள் துணியால் தேயுங்கள்.

மழைக்காலத்தில் தோலில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கிறது.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருப்பீர்கள். அதிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றோடும் அலமாரியில் வையுங்கள். பிடித்துவிட்ட பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள். பிறகு தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று அடிப்பதால் பூஞ்சை குறைவு, ஆனால் நனைத்து வடிவமைத்த உறை மிக வேகமாகக் காய்ந்து கோணும். அங்கே இருப்பவர்கள் உறையை ஒரு துணியால் மூடி உலர்த்துவது நல்லது.

ஆட்டுத்தோலை வீட்டிலேயே பதனிடலாமா?

வேண்டாம். சுண்ணாம்பு, உரித்த மயிர், அழுகல் நீர் எல்லாம் எங்கே போகும்? நம் கிணறுகள் அருகருகே இருக்கின்றன.

பழைய கருவியைப் புதிது போலப் பளபளப்பாக்கலாமா?

கூரும் இழைப்புளியின் அடிப்பாகமும் பளபளக்கட்டும். மற்ற இடத்தில் துரு போனால் போதும், காலத்தின் கருமையை விட்டுவிடுங்கள். முத்திரைமேல் கிரைண்டர் சக்கரம் படவே கூடாது. பிடியில் யாரோ ஒரு தச்சர் ஆணியால் கீறிய எழுத்து இருந்தால் அதை உப்புத்தாளால் அழிப்பது பெரிய இழப்பு. விரிசல் இல்லாத பழைய பிடியை மாற்றவே வேண்டாம். பழைய பெயிண்ட் அடித்த கருவிகளை உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கி, முகக்கவசம் அணிந்து தேயுங்கள்.

யாரிடம் கற்றுக்கொள்வது?

பஸ் நிலையத்துக்கு வெளியே குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம். தோலின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே இழுபடும், எங்கே இழுபடாது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். அவர் கையிலிருக்கும் கத்தி பல நேரம் ஆலை ரம்பத்தின் உடைந்த அலகில் தீட்டியது. ‘ஹை ஸ்பீடு ஸ்டீல்’ எனப்படும் அந்த அதிவேக எஃகு, கிரைண்டர் சூட்டில் சாதாரண எஃகைப்போல எளிதில் மென்மையாகாது. கூட்டம் இல்லாத நேரமாகப் போய், அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுத்துக் கேளுங்கள். தோலைத் தொடுவது தாழ்ந்த வேலை என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், அந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். பலருடைய முன்னோர் அந்த அவமதிப்பைச் சுமந்துகொண்டே காத்துவந்த அறிவு அது. பொழுதுபோக்காகக் கற்க வருகிற நாம் அந்தக் கடனை மறக்கக் கூடாது. தச்சுக்கும் இரும்புக்கும் அப்படியே: ஊரில் உலை வைத்திருக்கும் ஆசாரி இன்னும் இருந்தால், மழுங்கிய வாய்ச்சியை அவரிடமே அடித்து வாங்குங்கள்.

பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியை என்ன செய்வது?

ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகிறது. துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியைக் கொடியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்குங்கள். விரித்த துணி அட்டையைப்போல விறைத்த பிறகு குப்பையில் சேர்க்கலாம்.